சல்மா தட்டிப் பார்த்த டிரெய்லர்

உத்தமபாளையத்தில் வாழை விவசாயம் பார்க்கும் ஜெய்லானி எதையும் பார்த்த மாத்திரத்தில் வாங்கிவிடுவார். அதனால் கோம்பையில் பழைய டிராக்டர் டிரெய்லர் ஒன்றைப் பார்க்கப் போனபோது மனைவி சல்மாவும் கூடவே கிளம்பினாள்.

டிரெய்லர் புது நீலப் பெயிண்டில் மின்னியது. ஜெய்லானி சொக்கிப்போய் நின்றார். சல்மாவோ துப்பட்டாவைச் செருகிக்கொண்டு அடியில் புகுந்து, ஸ்பேனரால் சட்டத்தைத் தட்டிக்கொண்டே போனாள். கொக்கிக்குப் பக்கத்தில் சத்தம் மாறியது. பெயிண்டைச் சுரண்டினால், இரும்பில் நீளமாக ஒரு விரிசல்.

"அண்ணே, இங்கன வந்து பாருங்க."

குனிந்து பார்த்த டிரெய்லரின் சொந்தக்காரர் சீனிச்சாமிக்கு முகம் வெளுத்துவிட்டது.

"ஆத்தாடி! போன வாரங்கூட இதுலதான தாயி களையெடுக்கிற பொம்பளைகள ஏத்திட்டு வந்தேன்!"

பட்டறைக்காரரை வரவழைத்து அந்த இரும்பையே மாற்றிய பிறகு, சீனிச்சாமியே சல்மாவுக்குப் போன் செய்தார்.

"வேற யாருக்கும் காட்டல தாயி. நீயே வந்து தட்டிப் பாரு."

இந்த முறை ஜெய்லானியும் வெள்ளைச் சட்டையோடு டிரெய்லருக்கு அடியில் அவள் பக்கத்தில் போய்ப் படுத்தார்.

"என்ன சத்தம் கேக்குது சல்மா?"

"நீங்க மூச்சு விடுறதுதான் கேக்குது. தள்ளிப் படுங்க."

சிரித்தபடியே கடைசிவரை தட்டி முடித்து, வாங்கலாம் என்றாள்.