ஜுபைலில் நான் போட்ட எர்த்

அரபு நாட்டில், ஜுபைலில் ஒரு சைட்டில், வேலை முடியும்வரை ஓடும் ஜெனரேட்டருக்கு எர்த் போட மூன்று இடங்களில் குழி தோண்டினோம். காய்ந்த மணலில் எர்த் சரியாகப் பிடிக்காது. மீட்டர் வைத்துப் பார்த்தபோது, குறைவாக வரவேண்டிய ரீடிங் இரண்டு குழிகளில் எகிறியது. நான் கம்பி இறக்கிய மூன்றாவது குழியில் மட்டும் அருமையாக வந்தது.

"எல்லாம் கைராசி" என்று கேம்ப் முழுக்கச் சொல்லித் திரிந்தேன்.

எங்கள் ஃபோர்மேன் கீழக்கரைக்காரர். மறுநாள் மதியத் தொழுகை நேரத்தில் என்னை அந்தக் குழிக்குக் கூட்டிப்போனார். பக்கத்தில் இருந்த தண்ணீர்த் தொட்டியில் ஆட்கள் தொழுகைக்கு முன் வரிசையாகக் கைகால் கழுவிக்கொண்டிருந்தார்கள்.

"பாத்தீங்களா தம்பி? நாங்க ஒலு செய்யுற தண்ணி பூரா உங்க குழிக்குத்தான் போவுது."

எனக்கு வெட்கமும் சிரிப்பும் சேர்ந்து வந்தன. அவரே தொடர்ந்தார்: "சைட்டு லீவுன்னா தண்ணி காஞ்சிரும். அப்ப ஷாக் அடிச்சா யாரு காப்பாத்துவா?"

அன்றே மூன்று குழிகளிலும், அடியில் ஈரமண் வரும்வரை நீளக் கம்பிகளை அடித்து இறக்கினோம். மூன்றிலும் ரீடிங் இறங்கியதும் ஃபோர்மேன், "கலாஸ், வேல முடிஞ்சுது, வாங்க சாப்பிடுவோம்" என்று என் தோளில் கைபோட்டார்.