கிழித்த பக்கங்களைத் தேடி வெள்ளிமலைக்கு

கல்வராயன் மலைக்கு எல்லோரும் அருவி பார்க்கத்தான் போகிறார்கள். நான் போனது, படித்து முடித்த இரண்டு புத்தகங்களைப் பற்றி ஒருவனிடம் பேசியே ஆக வேண்டும் என்பதற்காக. போன ஞாயிற்றுக்கிழமை காலை ஆறரை மணிக்குக் கள்ளக்குறிச்சியில் வெள்ளிமலை பஸ் ஏறினேன். டிக்கெட் முப்பத்தைந்து ரூபாய்.

அந்த ஒருவன் பிரான்சிஸ். தியாகதுருகத்துக்காரன், அரசு மருத்துவமனையில் மருந்து கொடுப்பவன். நான் கள்ளக்குறிச்சியிலிருந்து உளுந்தூர்பேட்டைக்கு லாரி உதிரிபாகக் கடை வேலைக்குப் போகிறவன். அப்போது அவனுக்கும் அந்த ஊரில்தான் வேலை என்பதால் ஆறு வருடம் ஒரே பஸ்ஸில் போய் வந்தோம். ஒரு புத்தகம், இரண்டு பேர். முன்னால் படிப்பவன் முடித்த பக்கங்களைக் கிழித்து மற்றவனிடம் கொடுத்துவிடுவான். (திட்டாதீர்கள், எல்லாம் பழைய புத்தகக் கடைச் சரக்கு.) பின்னால் வருபவன் முடிக்கும்வரை அந்தப் புத்தகத்தைப் பற்றி இருவரும் வாய் திறக்கக் கூடாது என்பது சட்டம். முடித்த அன்று டீக்கடையில் சண்டை போடுவோம்.

போன வருடம் அவனுக்கு வெள்ளிமலைக்கு மாற்றல் வந்தது. அன்றிலிருந்து கிழித்த பக்கங்களை ரப்பர் பேண்டு போட்டு மலை பஸ் டிரைவரிடம் கொடுத்தனுப்புகிறேன். போனில் மழை, வேலை எல்லாம் பேசுவோம். புத்தகத்தைப் பற்றி அவன் மூச்சு விடவில்லை, அதனால் நானும் விடவில்லை. இன்னும் முடிக்கவில்லை போல என்று மாதக்கணக்கில் நாக்கைக் கடித்துக்கொண்டு இருந்தேன்.

கச்சிராயபாளையம் தாண்டி, கோமுகி அணையை விட்டு பஸ் மலையேறத் தொடங்கியதும் அவனிடம் கேட்க வேண்டியதை மனதில் ஓட்டிப் பார்த்தேன். முதலாவது, ஒரு பழைய வெளிநாட்டு நாவல். ஒவ்வொருவருக்கும் நாலு பெயர், சாகக் கிடக்கும் கிழவர் இருபது பக்கம் பேசுகிறார். ஆனால் குடும்பச் சொத்தே வேண்டாமென்று போகும் இரண்டாவது மகளுக்காக எல்லாவற்றையும் மன்னித்தேன். மற்றது விஞ்ஞானக் கதை. வேறு கிரகத்தில் குடியேறியவன் மனைவிக்குச் செய்தி அனுப்பினால் போய்ச் சேரப் பதினொரு வருடம். முதல் நூறு பக்கம் எந்திர வர்ணனை, தைரியமாகத் தள்ளிவிடலாம். பதில் வரும் அத்தியாயத்தை நான் மூன்று முறை படித்தேன். பிரான்சிஸ் அதைக் குப்பை என்பான், எனக்குத் தெரியும். அதைக் கேட்கத்தான் ஏங்கிக்கொண்டிருந்தேன்.

நாற்பது கிலோமீட்டர் சொச்சத்துக்கு இரண்டு மணி நேரம் பிடித்தது. வளைவுகளில் வயிறு புரளும், வெறும் வயிற்றில் ஏறாதீர்கள்.

"இன்னாடா இது, ஒரு போன் பண்ணக் கூடாதா?" என்று பிரான்சிஸ் வீட்டு வாசலிலேயே கட்டிப்பிடித்துக்கொண்டான். தோசை சுட்டான். அப்போதுதான் ஜன்னல் மேடையில் என் கட்டுகளைப் பார்த்தேன். ஒன்றன்மேல் ஒன்றாக, நான் போட்ட ரப்பர் பேண்டுகள் வெயிலில் காகிதத்தோடு ஒட்டிப்போய்.

"எதுவரைக்கும் வந்திருக்க?"

"படிக்கலடா."

"ஒரு பக்கம் கூடவா?"

"முதல் கட்ட பிரிச்சேன். பஸ்ஸுல நீ பக்கத்துல உக்காந்துக்கினு இருந்தாதான் எனக்குப் படிப்பே ஓடும் போல. இங்க எடுத்தா தூக்கந்தான் வருது. சாயங்காலம் வாலிபால் ஆடப் போயிடறேன்."

எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. "சட்டத்துக்குக் கட்டுப்பட்டு நான் வாயை மூடிக்கினு இருக்கேன். ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்ல?"

தோசைக் கல்லையே பார்த்தபடி, "சொன்னா நீ அனுப்பறத நிறுத்திடுவியே" என்றான். "டிரைவர் ஆரன் அடிச்சதும் நர்ஸ் அக்கா, 'பிரான்சிசு, உன் கட்டு வந்துடுச்சு'ன்னு கூப்பிடுவாங்க. அது ஒண்ணுதான்டா இங்க எனக்குன்னு வருது."

தட்டில் இருந்த தோசையைத் தின்று முடித்தேன். தட்டை வாங்கிக்கொண்டு அவனே, "சரி, கதையச் சொல்லு" என்றான். கடைத்தெருவில் நடந்தபடி இரண்டையும் சொன்னேன். சிரிக்க வேண்டிய இடத்தில் சிரித்தான், எல்லாம் நன்றாக இருக்கிறது என்றான். சண்டை மட்டும் வரவில்லை. படிக்காதவனோடு எப்படிச் சண்டை போடுவது?

போகிறவர்களுக்கு: மேலே சில இடங்களில் போன் எடுக்காது, கையில் சில்லறை இருக்கட்டும். பிற்பகல் பஸ்ஸுக்குத் திரும்பிவிடுவது நல்லது, மலைப்பாதையில் மூடுபனி இறங்கினால் தாமதமாகும். நான் மூன்று மணி பஸ் பிடித்து ஐந்து மணிக்குக் கீழே வந்தேன். ஜன்னலோரம் உட்கார்ந்தும் மடியில் இருந்த புத்தகத்தைத் திறக்கவில்லை. பக்கத்து இருக்கை காலியாக இருந்தது, அங்கே யார் உட்கார்ந்தாலும் எனக்குப் பிடித்திருக்காது.

திங்கட்கிழமை காலை, அடுத்த புத்தகத்தின் முதல் நாற்பது பக்கங்களைக் கிழித்து டிரைவரிடம் கொடுத்தேன். "மேல இருக்கிற சாரு நல்லா வேகமா படிக்கிறாரு போலங்க" என்றார்.

ஆமாம் என்றேன்.