பாக்கியக்கா கடைசிப் பெட்டியில் என்ன போட்டார்?

எட்டாம் வகுப்பில் அமிலங்களைப் பற்றிப் படிப்பித்துக்கொண்டிருந்தபோது மேசை மேலிருந்த தொலைபேசி மூன்றாவது தடவையாக அதிர்ந்தது. வகுப்பு நேரத்தில் நான் எடுப்பதில்லை. ஆனால் ஹட்டன் கடைவீதி ரஸீன் நானா மூன்று தடவை அழைக்கிற ஆளில்லை. சவர்க்காரம் செய்ய நாங்கள் தேங்காய் எண்ணெய் வாங்குவது அவருடைய கடையில்தான். எண்ணெய் வந்தால்கூட ஒரு தடவை அடித்துவிட்டு விட்டுவிடுவார். வெளியே வந்து எடுத்தேன்.

"டீச்சர், பாக்கியம் மௌத்தாகிட்டாங்களாம். காலையில பீலிக்குத் தண்ணி எடுக்கப் போனவங்க, அங்கேயே உக்காந்துட்டாங்களாம். நெஞ்சு வலின்னு சொல்றாங்க."

சாவுச் செய்தியைக் கேட்டதும் அழுகைக்கு முன்னால் எனக்குக் கோபம்தான் வந்தது. இந்த மனுஷி எந்தக் காரியத்தையாவது முன்கூட்டிச் சொல்லிவிட்டுச் செய்ததுண்டா?

அவரோடு பழகியவர்களுக்கு நான் புதிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. உங்களில் பாதிப் பேர் அவர் செய்த சவர்க்காரத்தைப் போட்டுக் குளித்துவிட்டு என்னிடம் வந்து முறையிட்டவர்கள்தான். மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். பாக்கியக்கா வட்டவளைப் பக்கத்துத் தோட்டத்தில் முப்பது வருடத்துக்கு மேல் கொழுந்து பறித்துவிட்டு ஓய்வு பெற்றவர். கொழுந்து பறிக்கப் போகிறவர்கள் கைக்குழந்தைகளை விட்டுப் போகிற தோட்டத்தின் பழைய பிள்ளைக்காம்பராக் கட்டடம் சும்மா கிடந்தது. அங்கே சனிக்கிழமைகளில் நானும் அவரும் இன்னும் நான்கு பெண்களும் சேர்ந்து சவர்க்காரம் செய்தோம். அடுப்பில் வைக்காமல், எண்ணெயையும் காஸ்டிக் சோடாக் கரைசலையும் கூழ் பதம் வரும்வரை கலக்கி, மரப்பெட்டியில் ஊற்றி, மறுநாள் வெட்டி, ஆறு வாரம் காயவிடுகிற வகை. இரண்டு நாள் பயிற்சிக்குப் போய் இதைக் கற்று வந்தது நான். அதனால் தராசும் அளவுகளை எழுதி வைக்கும் கொப்பியும் என் கையில் இருந்தன. மற்ற எல்லாம் அவர் கையில் இருந்தது.

தராசு என்றாலே அவருக்கு ஆகாது. ஒரு கிராம் காஸ்டிக் கூடினால் தோலைத் தின்றுவிடும் என்று நான் கத்தியிருக்கிறேன். "என் ஆயுசு பூரா கொழுந்த நிறுத்தாங்க டீச்சர். ஒரு நாளாவது தராசு உண்மை சொல்லிச்சா? எங்கையில எத்தன கிலோ இருக்குன்னு எனக்குத் தெரியும், தராசுக்குத்தான் தெரியாது" என்பார். காஸ்டிக்கை மட்டும் நான் நிறுத்துக் கொடுப்பதை ஒருவழியாக ஏற்றுக்கொண்டார். மிச்சத்தில் எல்லாம் கைப்பிடிதான். ஒரு கைப்பிடி அரிசிமா. ஒரு கைப்பிடி துருவிய கரட், அதுவும் இரண்டே வாரத்தில் கறுத்துப் பூஞ்சணம் பிடித்தது. ஒருநாள் எலுமிச்சம்பழத்தைப் பிழிந்து ஊற்றிவிட்டார். புளிப்பு காஸ்டிக்கின் வேலையைக் கெடுத்துவிடும் என்று எத்தனை தடவை சொல்லியிருப்பேன். பெட்டி முழுவதும் பட்டர் மாதிரி வழவழத்துக் கிடந்தது. "சாப்பிடுற சாமான்தானே, மேலுக்கு என்ன செய்யப் போகுது" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

முருகன் கோயில் திருவிழாவுக்கு மறுநாள் ஒரு தூக்குவாளியோடு வந்தார். உள்ளே மிச்சமான பஞ்சாமிர்தம். வாழைப்பழம், சர்க்கரை, தேன், பேரீச்சம்பழம். எனக்கு விளங்கிவிட்டது. "அக்கா, வேணாம்" என்றேன்.

"சாமிக்கு எண்ணெய் வைக்கிறோம். பாலு, தயிரு, தேனு, பஞ்சாமிர்தம் எல்லாம் ஊத்திக் குளிப்பாட்டுறோம். ஒரு நாளாவது சாமிக்கு மேலு தடிச்சிருக்கா டீச்சர்?"

"அது கல்லு, அக்கா."

"பிள்ளைங்க பரீட்சைக்கு முந்தி நீங்க தேங்கா ஒடைச்சப்ப கல்லுன்னு தெரியலையாக்கும்."

பெட்டியை எடுக்கப் பக்கத்து அறைக்குப் போய்த் திரும்புவதற்குள் தூக்குவாளி கலவைக்குள் காலி. இனிப்புச் சேர்ந்தால் கலவை தானாகவே சூடேறும். பெட்டியில் ஊற்றிய பத்து நிமிடத்தில் நடுவே வெடிப்பு விட்டு, மேலே எழும்பி, மேசை நெடுக வழிந்தது. எல்லாரும் சுவரோடு ஒதுங்கி நின்றோம். பாக்கியக்கா சாவகாசமாக, "பொங்கலோ பொங்கல்" என்றார். மற்றப் பெண்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். கையுறை போட்டுக்கொண்டு துடைத்தது நான்தான்.

இதெல்லாம் விளையாட்டாக இருந்த காலம். பிறகு விளையாட்டு போய்விட்டது. பாக்கியக்காவின் ஒரே மகள் சுமதி, ஒன்றரை வயதுக் குழந்தையை விட்டுவிட்டுக் குவைத்துக்கு வீட்டு வேலைக்குப் போகப் பாஸ்போட் எடுத்துவிட்டாள். அந்த நேரத்தில்தான் பழைய துரை பங்களாவை விடுதியாக்கியவர்கள் எங்களைக் கேட்டார்கள். நாற்பது கட்டி மாதிரிக்குக் கொடுங்கள், பிடித்திருந்தால் மாதாமாதம் எடுக்கிறோம் என்றார்கள். மாதாமாதம் எடுத்தால் சுமதி போக வேண்டியதில்லை. எண்ணெயையும் காஸ்டிக்கையும் வெள்ளிக்கிழமையே நிறுத்து வைத்தேன். "அக்கா, இந்தப் பெட்டியில ஒண்ணுமே போடக்கூடாது. வெறும் சவுக்காரம். சுமதி விஷயம்" என்று சொல்லிவிட்டு வந்தேன். தலையாட்டினார்.

சனிக்கிழமை பாடசாலையில் கூட்டம். மதியம் நான் போய்ச் சேர்ந்தபோது பெட்டியை ஊற்றிச் சாக்குப் போட்டு மூடியிருந்தார். தனியாகவே செய்து முடித்துவிட்டாராம். சாக்கைத் தூக்கிப் பார்த்தேன். வெள்ளையாக இருக்க வேண்டியது தேத்தண்ணி நிறத்தில் இருந்தது.

"என்ன போட்டீங்க?"

"அது வந்து டீச்சர்…"

எனக்குத் தலைக்கு ஏறிவிட்டது. "வாயால சொல்லாதீங்க. கொப்பியில எழுதுங்க. எழுதாம எங்கிட்ட பேச வராதீங்க" என்றேன். அவர் ஐந்தாம் வகுப்போடு நின்றவர். ஒரு வரி எழுத அவருக்குப் பத்து நிமிடம் வேண்டும், அதுவும் யாரும் பார்க்காமல். அது எனக்கு நன்றாகத் தெரியும். தெரிந்துதான் சொன்னேன்.

அடுத்த வாரம் இரண்டு தடவை பாடசாலை கேற்றுக்கு வந்தார். "டீச்சர், ஒரு நிமிசம். அந்தப் பொட்டியில…" என்று தொடங்கினார். "எழுதியாச்சா?" என்றேன். "எழுதணும்." "அப்ப எழுதிட்டு வாங்க." மணியடித்தது, வகுப்புக்குப் போய்விட்டேன். இரண்டாம் தடவையும் அதே கதைதான். அதற்குப் பிறகு நான் அவரைப் பார்த்தது சவப்பெட்டியில்தான்.

கருமாதி முடிந்து சில வாரத்தில் அந்தச் சவர்க்காரம் காய்ந்து தயாரானது. வீசிவிடலாம் என்றுதான் ஒரு கட்டியைக் கையில் எடுத்தேன். காலை நேரத்துக் குழாய்த் தண்ணீர், கை விறைக்கிற குளிர். அந்தத் தண்ணீரிலும் பாலாடை மாதிரி நுரை கட்டியது. கை பிள்ளைத் தோல் மாதிரி ஆகிவிட்டது. நாங்கள் செய்ததிலேயே சிறந்த சவர்க்காரம் அதுதான், பாவி மனுஷி. விடுதிக்காரர் நாற்பதையும் எடுத்துக்கொண்டு ஒரு வாரத்தில் பேசினார். இதே சவர்க்காரம்தான் வேண்டும், வேறு எதுவும் வேண்டாம், மூன்று மாதம் பொறுக்கிறேன் என்றார்.

ரஸீன் நானாவிடம் ஓடினேன். அந்த வாரம் அக்கா என்ன சாமான் வாங்கினார்?

"ஒண்ணும் வாங்கல்ல டீச்சர். ஒங்கள ஏசிட்டுப் போனாங்க."

"என்னன்னு?"

"ஒங்களுக்குக் காது இல்லையாம். கொப்பி மட்டும்தான் இருக்காம்."

அதன் பிறகுதான் பிள்ளைக்காம்பராவில் கிடந்த கொப்பியைத் திறக்கத் துணிந்தேன். எண்ணெய், காஸ்டிக், தண்ணீர் எல்லாம் என் கையெழுத்தில் இருந்தன. 'சேர்த்தது' என்ற இடத்தில் பென்சிலால், அழித்து அழித்து, கோணல் மாணலாக ஒரே ஒரு வரி: "மத்தத நேர்ல சொல்றேன் டீச்சர்."

விஞ்ஞானம் படிப்பிக்கும் நான் இப்போது என்ன செய்கிறேன் தெரியுமா? கோயில் பூசாரியிடம் போய், சாமிக்கு அபிஷேகம் செய்கிற சாமான்களை வரிசையாக எழுதி வாங்கி வந்திருக்கிறேன். பாக்கியக்காவின் மூளை அந்த வழியில்தான் போயிருக்கும். ஒவ்வொரு சனிக்கிழமையும் சுமதி ஒரு கைப்பிடி எடுக்கிறாள். கலவையில் போடுமுன் அதை நான் தராசில் வைத்து எழுதிக்கொள்கிறேன். மஞ்சள், பால், தயிர், தேன், நெய், சந்தனம், விபூதி ஏழும் போட்டு ஊற்றியாகிவிட்டது. முதலில் காய்ந்த மஞ்சள் கட்டியில் அந்த நுரை வரவில்லை. அடுத்த சனிக்கிழமை இளநீர். சுமதியின் பாஸ்போட் இன்னும் அலுமாரியில்தான் இருக்கிறது. குழந்தை சாக்குப் படங்கில் உட்கார்ந்து எங்களைப் பார்த்துக்கொண்டிருக்கிறது.

அவரிடமிருந்து என்னிடம் மிஞ்சியிருப்பது அந்தப் பென்சில் வரிதான். பிள்ளைகளின் கொப்பியில் பிழை கண்டால் சிவப்புப் பேனா தானாக ஓடும் எனக்கு. அந்த வரியில் மட்டும் கை வைக்கவில்லை. நேரில் சொல்கிறேன் என்று எழுதிவிட்டுப் போய்விட்டீர்கள் அக்கா. சரி. எங்கே என்னைப் பார்த்தாலும் வந்து சொல்லுங்கள். நான் கொப்பி கொண்டுவர மாட்டேன்.