ஜெகதீஸ்வரியின் எடையும் என் பதினாலு கையெழுத்தும்

என் பொண்டாட்டி ஜெகதீஸ்வரி ஆயர் ஈத்தாம் மினிமார்க்கெட்டுல கேஷியர். பதினொரு வருஷமா ஒரே கல்லா. அவ வாய்க்காகவே கடைக்கு வர்ற ஆளுங்க உண்டு. ரெண்டு வருஷத்துல பதினாறு கிலோ ஏறிட்டா. சோத்தைக் குறைச்சா, அணைக்கட்டு வரைக்கும் நடந்தா, ம்ஹூம், முள்ளு இறங்கவே இல்லை. புக்கிட் மெர்தாஜாம்ல இருக்கிற எங்க அக்கா லெட்சுமி, இவ ஒளிச்சு வச்சுத் திங்கிறான்னு குடும்பம் பூரா சொல்லி வச்சுட்டாங்க. நானும், மடையன், நம்பிட்டேன். பாயான் பாரு ஃபேக்டரியில சாமான்ல குறை கண்டுபிடிக்கிறதுக்குத்தானே எனக்குச் சம்பளம்!

போன மாசம் ஆஸ்பத்திரியில ஒரு ஆராய்ச்சிக்கு ஆள் தேடினாங்க. சூடான சாப்பாட்டைப் பிளாஸ்டிக்ல போட்டா, ரசீதுத் தாளை நாள் முழுக்கத் தொட்டா, அதுல இருக்கிற ரசாயனம் உடம்புக்குள்ள போய்க் கொழுப்பைச் சேர்த்து வைக்கத் தூண்டுமான்னு பார்க்கிறாங்களாம். இவ மொத ஆளாப் பேர் கொடுத்துட்டு வந்தா.

"எடை குறையாட்டிப் போவுதுங்க," ன்னா. "என் மேல இருக்கிற பழி போவணும்."

ரெண்டு வாரம். மொத வாரம் வழக்கம் போல. ரெண்டாவது வாரம் பிளாஸ்டிக் கூடாது, ரசீதைக் கையுறை போட்டுத்தான் தொடணும். தின்னதையெல்லாம் நிறுத்து நோட்டுல எழுதணும், வீட்டு ஆள் ஒருத்தர் தினம் பார்த்துக் கையெழுத்துப் போடணும். அந்த ஆள் நான். விடுவேனா? அலமாரி, அழுக்குத்துணிக் கூடை, மோட்டார் சைக்கிள் சீட்டுக்கு அடியில, ஒண்ணு விடலை. அவ குளிக்கப் போனா கைப்பையைத் துழாவினேன்.

ரெண்டாவது வாரம்தான் கூத்து. ஜபருல்லா அண்ணே சாப்பாட்டுக் கடைக்கு எவர்சில்வர் அடுக்கோட போனோம். அண்ணே முப்பது வருஷமா புங்குஸ், அதான் பார்சல், கட்டின கை. பருப்புக் கறியைப் பிளாஸ்டிக் பையில ஊத்தி, ரப்பர் பேண்டை நாலு சுத்து சுத்தி, அந்தப் பையை அடுக்குக்குள்ள அழகா உட்கார வச்சு மூடி நீட்டுனாரு! இவ சிரிச்ச சிரிப்புல ரொட்டி போட்டுக்கிட்டு இருந்தவர் கரண்டியைக் கீழே விட்டுட்டாரு. மூணு நாள் வரைக்கும் இதே கதைதான் லா, ஒவ்வொரு தடவையும் பையைத் திருப்பிக் கொடுத்து வேற கறியை அடுக்குலயே ஊத்தி வாங்கினோம்.

முடிவு சொன்னவங்க ஆராய்ச்சியை நடத்தின டாக்டர் காமாரியா. ரெண்டாவது வாரம் சிறுநீர்ல அந்த ரசாயனம் பாதிக்கு மேல குறைஞ்சிருக்காம். எடை? அரைக் கிலோ கூட இறங்கலை. ரசாயனம் ஒரு காரணமா இருக்கலாம், வேற காரணமும் இருக்கலாம், அடிச்சுச் சொல்ல முடியாதுன்னாங்க. அப்புறம் நோட்டைத் திறந்து, இந்தப் பதினாலும் உங்க கையெழுத்துதானேன்னு என்னைக் கேட்டாங்க. ஆமான்னேன். அப்படின்னா இவங்க சாப்பிடுறது ரொம்பக் கம்மிதான்னாங்க.

ஜெகதீஸ்வரி வெளியே வந்து ஆடாத குறை. லிஃப்ட் முன்னாடியே என் போனைப் பிடுங்கி, அக்காவுக்கு அடிச்சு, ஸ்பீக்கர்ல போட்டு என் மூஞ்சிக்கு நேரா நீட்டுனா. நின்ன சனமெல்லாம் பார்க்குது.

"அக்கா, இவ ஒளிச்சுத் திங்கலை," ன்னேன். "பதினாலு நாள் தேடிப் பார்த்துட்டேன். தப்பு நம்ம மேலதான்."

அக்கா டக்குன்னு போனை வச்சுட்டாங்க. எனக்கு வெட்கம் பிடுங்கித் தின்னுது. இவளோ சிரிச்சுக்கிட்டே போனை என் சட்டைப் பையில போட்டா.

நேரா ஜபருல்லா கடைக்குப் போனோம். எனக்கு எதிர்ல உட்கார்ந்து சாப்பிட்டா. பாதியில தட்டை நீட்டி, "அண்ணே, இன்னும் கொஞ்சம் சோறு," ன்னு கேட்டா. ரெண்டு வருஷமா என் முன்னால அவ ரெண்டாந்தரம் சோறு கேட்டதே இல்லை. அது எனக்கு அப்பத்தான் உறைச்சுது.