வார்னிஷ் அடித்த ரேடியோ

மரக்காணம் உப்பளங்களில் என் கை படாமல் ஓடிய பம்பு மோட்டார் ஒன்றைக் காட்டுங்கள், பார்க்கலாம். ஐந்தாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். மோட்டாருக்குக் காயில் கட்டக் கற்றதும், கடை போட்டதும், மாடி வீடு எழுப்பியதும் இந்தக் கையால்தான். அப்படிப்பட்டவனிடம் மச்சான் சொல்கிறான், "மாமா, வால்வு ரேடியோவெல்லாம் உங்களால ஆவாது. உடுங்க."

மச்சான் என்றால் என் மனைவியின் தம்பி. ரேடியோ அவர்களுடைய அப்பாவுடையது. அவர் போன பிறகு எங்கள் வீட்டில்தான் ஊமையாகக் கிடந்தது. குயிலாப்பாளையத்தில் பழைய சாமான் வாங்கி விற்கும் ஒரு கடைக்காரர் அதைக் கேட்டாராம். உள்ளே இருப்பதையெல்லாம் பிடுங்கிவிட்டு, ப்ளூடூத் வைத்து, தங்கும் விடுதிக்கு அழகுக்குக் கொடுப்பாராம்.

"பாடாத பொட்டிதானேக்கா? ஞாயித்துக்கிழமை வந்து எடுத்துக்குனு போறேன்" என்றான். என் மனைவியின் முகம் சுருங்கிப் போயிற்று. அப்பா சொத்தில் தம்பிக்கும் பாத்தியதை உண்டே, என்ன சொல்வாள்?

"பாடினா?" என்றேன் நான்.

"பாடினா இங்கயே இருக்கட்டும் மாமா."

அன்றே கழற்றினேன். மெழுகு வழிந்த பழைய கண்டென்சர்களை எடுத்துவிட்டுப் புதியது வைத்தேன். எடுத்த எடுப்பில் முழு கரண்ட் கொடுக்க நான் என்ன மடையனா? நடுவில் ஒரு குண்டு பல்பைக் கோத்து, அதன் வழியாகக் கொடுத்தேன். உள்ளே ஷார்ட் இருந்தால் பல்பு பளிச்சென்று எரியும், ரேடியோ பிழைத்துக்கொள்ளும். பல்பு மங்கலாகவே நின்றது. வால்வுகள் ஒவ்வொன்றாகச் சிவந்தன. அவள் கிட்டே வந்து உட்கார்ந்தாள். ஸ்பீக்கரில் ஒரு முனகல். அவ்வளவுதான். முள்ளை இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் தள்ளியும் ஒரு நிலையம்கூட வரவில்லை.

சனிக்கிழமை வரை அதே முனகல். சாயங்காலம் காபி கொண்டுவந்தவள் உள்ளே எட்டிப் பார்த்தாள்.

"இன்னாய்யா இது, எல்லாம் பளபளன்னு இருக்குது?"

"வார்னிஷ். உப்புக்காத்து ஏறாம இருக்கத்தான்."

"திருவுற சுவிட்சுக்குள்ளயுமா அடிச்ச?"

மோட்டார் காயிலுக்கு அடித்து அடித்துப் பழகிய கை. அலைவரிசை மாற்றும் சுவிட்சின் பித்தளை முனைகளுக்கும் சேர்த்து அடித்திருக்கிறது. முனையும் முனையும் தொடும் இடத்தில் வார்னிஷ் படிந்திருந்தால் பாட்டு எப்படிக் கடந்து வரும்? வேறு எவனாவது இதைக் கண்டுபிடிக்க ஒரு மாதம் ஆகும். நான் அவள் கேட்ட மாத்திரத்தில் பிடித்துவிட்டேன். அதை அவளிடமும் சொன்னேன்.

"ஆமா, நீதான் புடிச்ச" என்றபடி டார்ச் பிடித்துக்கொண்டு நின்றாள். வார்னிஷைக் கரைக்கும் தின்னரைப் பஞ்சில் தொட்டு ஒவ்வொரு முனையாகத் துடைத்தேன். மறுபடி போட்டபோது முதலில் கரகரப்பு. பிறகு நெல்லுக்கு உரம் வைப்பதைப் பற்றி யாரோ ஒருவர் பேசினார். ஒரு சென்ட் வயல் இல்லாதவள், பெட்டியின் மேல் கையை வைத்தபடி அத்தனை உரத்தையும் கேட்டு முடித்தாள்.

ஞாயிற்றுக்கிழமை மச்சான் ஆட்டோவோடு வந்தான். காதை வைத்துக் கேட்டான்.

"கரகரங்குதே மாமா."

"உன் கொரட்டைக்கு இது தேவலடா" என்றாள் அக்காக்காரி.

அவன் சிரித்துவிட்டான். நாற்காலியை இழுத்துப் போட்டு முள்ளைத் தானே மெல்லத் திருப்பிக்கொண்டிருந்தான். ஒரு பாட்டு பிடிபட்டது. அது முடிந்த பிறகுதான் குயிலாப்பாளையம் கடைக்காரருக்குப் போன் போட்டான்.

"அண்ணே, அந்த ரேடியோ பாடுதுங்க. இனிமே குடுக்கறதுக்கு இல்ல."