தண்டவாளத் துண்டு

பேரனின் பள்ளியில் மணியாகத் தொங்கும் தண்டவாளத் துண்டை அடித்தார்கள். என் மூக்கில் மலாயாவின் போர்ட் வெல்ட் துறைமுகக் கருவாட்டு வாடை ஏறியது.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து இருபதுகளில் ஒரு ஞாயிறு. பேராக் மாநிலத்தின் முதல் ரயில் பாதைக்கு மண் சுமந்தவர் அப்பாவின் அப்பா. அந்தப் பாதை முடியும் போர்ட் வெல்டைக் காட்டத்தான் அப்பா எங்களை ரப்பர் எஸ்டேட்டிலிருந்து கூட்டிப்போனார். ஸ்டேஷனின் மீன்கூடைக் கூட்டத்தில் நாலு வயதுத் தங்கை செல்லத்தைக் காணோம். பக்கத்திலேயே ஆறு. அம்மா தண்ணீரைப் பார்த்து அலறினாள்.

அப்போது ரயில் வருகிறதென்று தண்டவாளத் துண்டை அடித்தார்கள். எஸ்டேட்டில் விடியற்காலை ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக்கு அடிக்கும் அதே சத்தம். கூடைகளுக்கு நடுவிலிருந்து ஓடிவந்த செல்லம் அந்தத் துண்டின் அடியில், பெரட்டுக்கு நிற்பதுபோல் கைகட்டி நின்றாள்.

தினமும் அந்தச் சத்தத்தை ஏசிக்கொண்டே எழும் அப்பா அவளை வாரியெடுத்தார். "இனிமே பெரட்ட ஏசமாட்டேன் புள்ள" என்றார் அம்மாவிடம்.

பள்ளி வாசலில் என் பக்கத்தில் நின்ற செல்லத்தைத் திரும்பிப் பார்த்தேன். கைகட்டியிருந்தாள்.