பெற்றோல் வாய்க்கு இடம் தேடிய கதை

சென்ற கிழமை வாடகைக்கு எடுத்த கார் ஒன்றுக்குப் பெற்றோல் அடிக்கப் போனேன். பெரிய ஓட்டக்காரன் மாதிரி ஒரே வெட்டில் வளைத்துக் கொண்டுபோய்ப் பம்புக்கு அருகில் நிறுத்தினேன். குழாயைப் பிடித்தபடி நின்ற பிள்ளை காரைச் சுற்றிப் பார்த்துவிட்டு, "ஐயா, மூடி மற்றப் பக்கம்" என்றாள். பின்னால் நின்ற ஓட்டோக்காரர் ஹோர்ன் அடித்தார். என் காது சிவந்திருக்க வேண்டும். கறுத்த காது, யாருக்கும் தெரியவில்லை.

வெட்கம் என்னவென்றால், ஒரு காரில் பெற்றோல் ஊற்றும் வாய் எங்கே இருக்க வேண்டும் என்பதில் இந்தத் திருகோணமலையிலேயே என்னளவுக்கு மண்டையை உடைத்தவன் கிடையாது. சிரிக்காதீர்கள். நான் ஒருகாலத்தில் கார் செய்தவன். சரி, செய்தவர்களில் பாதி. மற்றப் பாதி றபீக்.

இன்றும் பெற்றோல் மணம் மூக்கில் ஏறினால், கூடவே பைபர் படகுக்குப் பூசும் றெசின் மணமும் சல்லி ஊர்க் கரையில் காயும் கருவாட்டு மணமும் வந்துவிடும். அந்த நாட்களில் மூன்றும் என் ஒரே சட்டையில் இருந்தன. அம்மா சோற்றுக் கோப்பையைக் குசினி வாசலிலேயே நீட்டிவிட்டு உள்ளே போய்விடுவா.

றபீக் கிண்ணியாக்காரன், என் வயதுதான். காலையில் ஆளையும் வண்டியையும் ஏற்றும் படகுப்பாதையில் துறையைக் கடந்து, சல்லியில் பைபர் படகு வார்க்கும் பட்டறைக்கு வேலைக்கு வருவான். நான் லிங்கநகரில் ஒரு கராஜில் வெல்டிங் வேலை. கராஜின் மூலையில் உடம்பு நசுங்கிய பழைய கார் ஒன்று கிடந்தது. எஞ்சினும் அடிச்சட்டமும் நல்லவை. அதைச் சல்லிப் பட்டறைக்கு இழுத்துக்கொண்டு போய், ஓய்வு கிடைத்த நேரமெல்லாம் இருவர் இருக்கும் ஸ்போர்ட்ஸ் கார் செய்தோம். அதற்குக் கூரை கிடையாது. ஸ்போர்ட்ஸ் கார் என்றால் கூரை இருக்காது என்று ஊருக்குச் சொன்னோம். உண்மையில், எங்களுக்குக் கூரை செய்யத் தெரியாது.

உடம்பை றபீக் வார்த்தான். தடவிப் பார்த்தால் மீன் வழுக்குவது போல வழுக்கும். எல்லாம் முடிகிற நேரத்தில் அவனுக்குக் கட்டாருக்கு விசா வந்தது. இரண்டு கிழமைதான் இருந்தது.

"போறதுக்கு முன்ன ஒருக்கா ஓடிப் பார்க்கோணும் மச்சான். வேற ஒண்டும் வேணாம்" என்றான்.

அப்போதுதான் கண்டோம்: பெற்றோல் தாங்கி அழகாக உள்ளே மூடுண்டு கிடக்கிறது, அதற்குள் ஊற்ற வழி இல்லை. அதுவரை போத்தலில் பெற்றோல் எடுத்து, உயரத்தில் கட்டித் தொங்கவிட்டுத்தான் எஞ்சினை முழங்கவைத்திருந்தோம். மறந்தே போனோம். இரண்டு பேரும், ஒரு வருசமாக.

இடது பக்கம், பின் சில்லுக்கு மேலே, வட்டமாக ஒரு மூடி. என் மனதில் படம் தயாராக இருந்தது. றபீக் ஒத்துக்கொள்ளவில்லை.

"பக்கத்தில ஓட்டை போட ஏலாது. தண்ணி வரும்."

"காருக்குத் தண்ணி எங்கயடா?"

"மாரியில உன்ட லிங்கநகர் ரோட்டில வந்து பார், எங்கயெண்டு."

படகு வார்த்த கை அது. பக்கச் சுவரில் ஓட்டை என்றால் அவனுக்கு உயிர் போகிற காரியம். மேல்தட்டில்தான் வாய் வேண்டும் என்று நின்றான். நானும் விடவில்லை. வெள்ளிக்கிழமை அவன் ஜும்ஆத் தொழுகைக்குப் போன நேரம் பார்த்து, வாளை எடுத்து இடது பக்கத்தை வட்டமாக அறுத்துவிட்டேன். குழாயையும் பொருத்தினேன். அவன் திரும்பி வந்து, தொப்பியைக் கழற்றி மடித்துச் சட்டைப் பைக்குள் வைத்தான்.

"ஊத்து" என்றான்.

ஊற்றினேன். நான் வெட்டிய ஓட்டையும் தாங்கியின் தலையும் ஒரே மட்டம். குழாய் படுத்துக் கிடந்தது. பெற்றோல் அரை நிமிடம் யோசித்தது. பிறகு உள்ளே இருந்த காற்று அதைத் தூக்கி என் முகத்திலும் நெஞ்சிலும் துப்பியது. பட்டறை முதலாளி சுருட்டை வெளியே எறிந்துவிட்டு ஓடிவந்தார்.

"தம்பி, தாங்கி காருக்கோ உனக்கோ?"

ஓட்டையை அடைக்க இரண்டு அடுக்கு பைபர் போதும். ஆனால் மழை பிடித்துவிட்டது, பட்டறைக் கூரையும் ஒழுகியது, ஈரத்தில் றெசின் இறுகாது. பிழை என்னுடையது, ஆகவே கராஜுக்கு லீவு சொல்லிவிட்டு, மூன்று பகலும் படங்கை உயர்த்திப் பிடித்தபடி காருக்குக் குடைக்காரனாக நின்றேன். கை மரத்தது. "விட்டிட்டு வா மச்சான்" என்று அவனே சொன்னான். விடவில்லை. நாலாம் நாள் தட்டிப் பார்த்தான், இறுகியிருந்தது. பிறகு வால்ப்பக்கத்து மேல்தட்டில், தாங்கிக்கு நேர் மேலே அவனே அறுத்தான். குழாய் நேராக இறங்கியது. ஊற்றினோம், ஒரு சொட்டும் திரும்பவில்லை. அவன் சிரிக்கவில்லை. அதுதான் எனக்குப் பெரிய தண்டனை.

அவன் போவதற்கு மூன்று நாள் முன்பு, விடியற்காலைச் சுபஹு தொழுத கையோடு வந்தான். இலக்கத் தகடு இல்லாத வண்டி, சனம் எழும்ப முன் போய்வர வேண்டும். அவன்தான் ஓட்டினான். நிலாவெளி கடந்து இறக்கக்கண்டிக் களப்புவரை போனோம். அங்கே நிறுத்தி இறங்கினான்.

"நீ அங்கால போய்த் திரும்பி வா. நான் ஒருக்கா வெளிய நிண்டு பார்க்கோணும்."

போனேன், திரும்பி வந்தேன். இரண்டு கையையும் தலையில் வைத்தபடி வீதியோரம் நின்றான்.

"எப்பிடியடா?"

"கார் சோக்கா இருக்கு மச்சான். ஓட்டுறவன்தான் சரியில்ல."

பிறகு அவன் போய்விட்டான். இலக்கத் தகடு கேட்டு நான் மோட்டார் வாகனக் கந்தோருக்குப் போனபோது, "இது என்ன கார்?" என்ற ஒரே கேள்வியில் கதை முடிந்தது. வெயிலில் உடம்பு வெடித்தது. எஞ்சின் யாரோ ஒருவரின் வயலுக்குத் தண்ணீர் இறைக்கப் போனது. பட்டறை இருந்த இடத்தில் இப்போது வெள்ளைக்காரர் தங்கும் விடுதி. கிண்ணியாவுக்குப் பாலம் வந்து, படகுப்பாதையும் நின்றுபோனது.

அப்போது எங்களிடம் இருந்த போன்கள் கதைக்க மட்டும்தான். படம் ஒன்றும் இல்லை. அந்தக் கார் ஓடியதை வெளியே நின்று பார்த்தவன் அவன் ஒருவன். நான் உள்ளே இருந்தேனே. அதனால் ஒவ்வொரு பெருநாளுக்கும் அவன் அழைக்கும்போது, எப்படி ஓடியது என்று கேட்பேன். அவனும் சலிக்காமல் சொல்வான். வேகம் வருசத்துக்கு வருசம் கூடுகிறது.

போன பெருநாளுக்குக் கேட்டபோது, "அந்தச் சிவப்பு நிறம் வெயிலுக்கு மின்னிச்சே மச்சான்" என்றான்.

படகுக்கு அடித்து மிஞ்சிய நீலத்தைத்தான் பூசியிருந்தோம். சொல்ல வாயெடுத்தேன். ஆனால், ஓடும்போது பார்த்தவன் அவன்.

"ஓம்" என்றேன்.